வரிசையை மறித்த குரல்

ஒரே ஒரு குரல் பதிவு, பின்னால் நின்ற அத்தனை செய்திகளையும் மறித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

தூர தேசத்தில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்குக் குரல் அனுப்புகிற செயலி அது. செய்திகள் பல சர்வர்களில் வரிசையாக நின்று, ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும். அந்த வரிசையைக் கட்டி மேய்க்க ஆபீசில் ஒருத்தி இருந்தாள். அதனால் எல்லோருக்கும் அவள் வரிசையம்மா. வழக்கமாக வருவதெல்லாம் ‘சாப்பிட்டியா’, ‘மாத்திரை போட்டியா’ அளவுக்குச் சின்னச் செய்திகள். இது யானை.

"இடம் கொள்ளலைன்னா திருப்பி விடு," என்றார் மேனேஜர்.

திருப்பினாள். செய்திகளை முதலில் வாங்கும் முன்வாசல் சர்வர் விடுமா? ‘போகவில்லை’ என்று மறுபடி மறுபடி உள்ளே தள்ளியது. நெரிசல் இரண்டு மடங்கானது. அதற்குள் ஒரு பெண்மணி போனில் வந்தார்.

"அம்மாடி, எங்க வீட்டுக்காரர் அனுப்பினது இன்னும் வரலையே. அவரு கப்பல் ஏறிட்டாரு. இனிமே கரைக்கு வந்தாத்தான் சிக்னல். அதைத் தொலைச்சிடாதீங்க, கண்ணு."

அந்த யானை அவர் அனுப்பியதுதான். வரிசையம்மாவுக்கு மனசு இளகிப்போயிற்று. இவ்வளவு நீளத்துக்கு என்னதான் சொல்லியிருப்பார் மனுஷன்!

அளவு வரம்பை உயர்த்தினாள். எந்தச் செய்திக்கும் மூன்று சர்வர்களில் நகல் எடுப்பது வழக்கம். யானையை விழுங்கிய மூன்றும் மூச்சுமுட்டி, ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன.

"அதை அழிச்சித் தொலைம்மா!"

"பாவம் சார், அவர் கப்பல்ல போயிட்டார்."

"நாம மூழ்கிட்டிருக்கோம்!"

சர்வர்களை எழுப்பி, பதிவைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பினாள். துண்டுகள் ஆளுக்கொரு வழியில் போனதில் ஒன்று எங்கோ சிக்கிக்கொண்டது. ‘அவன் வராமல் நாங்கள் நகரமாட்டோம்’ என்பதுபோல் மற்றவை வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டன.

மேனேஜர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "என் சம்சாரம் அனுப்பினதும் மாட்டிக்கிச்சு. பதிலே சொல்லலைன்னு போன் போட்டுத் திட்டுறா!"

வரிசையம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமுமாய் முட்டியது. "யானையை எதுக்கு சார் வரிசையில நிறுத்தணும்? அதைத் தனியாக் கொண்டுபோய்க் கட்டிட்டு, ‘இங்க நிக்குது, வந்து ஓட்டிட்டுப் போ’ன்னு ஒரு சீட்டு மட்டும் அனுப்பினாப் போதாதா?"

சொன்னபிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

பதிவைச் சேமிப்புக் கிடங்கில் வைத்தாள். வரிசையில் அதன் விலாசம் மட்டும் போனது. அடைத்த மடை திறந்தாற்போல் எல்லாம் ஓடத் தொடங்கியது. மேனேஜர் சம்சாரத்தின் திட்டுகள் உட்பட.

மனசு கேட்காமல் அவளே அந்தப் பெண்மணிக்குப் போன் போட்டாள். "வந்துச்சாம்மா? ஏதாவது முக்கியமான விஷயமா?"

ஒரு நீண்ட கொட்டாவி கேட்டது.

"கப்பல் ஏறுறதுக்கு முந்தின ராத்திரி பூரா அவர் விட்ட குறட்டைம்மா, அதைக் கேக்காம எனக்குத் தூக்கமே வராது, போனை வைக்கட்டுமா?"