மாமி வீட்டில் கம்பைலர் ஏற்றிய நாள்

புது மாப்பிள்ளை எதைச் செய்தாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். அவனுக்கு இருக்கிற பெரிய ஆபத்தே அதுதான். எங்கள் ஊர்ப் பக்கங்களில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். வீடு அவளுடையது, சாவி அவளைப் பெற்ற மாமியுடையது, உட்கார நல்ல கதிரை மட்டும் மாப்பிள்ளையுடையது. மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைப்பார்கள். கறியில் உப்பில்லை என்று அவன் சொன்னால் அன்றைக்கு யாருடைய கறியிலும் உப்பில்லை. இப்படி ஒரு வருடம் இருந்தால் எவனுக்கும் கொஞ்சம் தலை வீங்கும். எனக்கு ஆறு வாரத்திலேயே வீங்கிவிட்டது.

நான் மருதமுனை ஆள். மாமி வீடு அட்டாளைச்சேனையில். என்னைப் பற்றி அங்கே போய், "கொம்பியூட்டர் எல்லாம் தெரிஞ்ச பொடியன்" என்று சொன்னவர் கலியாணத் தரகர். நான் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. (மறுத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை, கலியாணமும் இருந்திருக்குமோ தெரியாது.) உண்மையில் நான் ஒரு கந்தோரில் கிளார்க். பிரிண்டரில் தாள் சிக்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதைத் தவிர, ஒருமுறை கந்தோரில் கைவிட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்றில் லினக்ஸ் ஏற்றியிருந்தேன். லினக்ஸ் என்பது காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய இயங்குதளம். அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று உள்ளே திறந்தும் பார்க்கலாம். நான் திறந்து பார்க்கவில்லை. திரையில் படம் அழகாக வந்தது, மூடி வைத்துவிட்டேன். (அதற்குப் பிறகு ஒரு வருடம் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டு திரிந்தேன்.)

என் மனைவி ஷிப்னா அப்போது கெம்பஸில் இரண்டாம் வருடம். கலியாணம் பேச வந்த அன்று அவளுடைய வாப்பா, என் மாமா, என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"புள்ள படிப்ப முடிக்கணும். விடுவீங்களா?"

"அவங்கள படிக்க வைக்கிறது என்ட பொறுப்பு மாமா" என்றேன். சொன்ன வேகத்தைப் பார்த்து என் வாப்பாவே திரும்பிப் பார்த்தார். கலியாணத்துக்குப் பிறகு என்ன படிப்பு, எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொந்தக்காரர் சிலர் சிரித்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் ஒரு பாடத்தில் விழுந்தாலும் அந்தச் சிரிப்பு உண்மையாகிவிடும்.

அது ஒரு சனிக்கிழமை. ஷிப்னா சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பாடத்தின் பாதிப் புள்ளி அதற்குத்தான். லினக்ஸில் ஓட்டி, வந்த விடையைப் படம் பிடித்து, மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வருடம் அந்தப் பாடத்தைத் திரும்பவும் எடுக்க வேண்டும். கெம்பஸுக்கு விடுமுறை, ஆய்வுகூடம் பூட்டு. அவளுடைய லெப்டொப்பில் விண்டோஸ் மட்டும்தான். காலை ஒன்பது மணிக்கு அபாயா போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மாமா மோட்டார் சைக்கிளை வெளியே உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"பாலமுனைக்கு, என்னோட படிக்கிற றிஸ்னாட ஊட்ட. அவட லெப்டொப்பில லினக்ஸும் கம்பைலரும் இரிக்கி. பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்."

கம்பைலர் என்பது நாம் எழுதுகிற புரோகிராமைக் கொம்பியூட்டருக்கு விளங்கும் மொழிக்கு மாற்றித் தருகிற மென்பொருள். அது இல்லாவிட்டால் எழுதினது எழுதினபடியே கிடக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் கொம்பியூட்டர் தெரிந்த மாப்பிள்ளை ஒருவன் வீட்டில் குத்துக்கல்லாக இருக்கும்போது, பெண்சாதி அடுத்த ஊருக்குப் போய்க் கம்பைலர் தேடுவதா?

"நீங்க ஒரு இடமும் போகத் தேவல்ல. நான் இஞ்சயே ஏத்தித் தாறன்."

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்..."

"பதினொரு மணிக்கே அனுப்பலாம்."

மாமா மோட்டார் சைக்கிளைத் திரும்ப உள்ளே உருட்டினார். ஷிப்னா அபாயாவைக் கழற்றி வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். "அவர் செஞ்சு தருவாராம் உம்மா" என்று அங்கே சொன்னது எனக்குக் கேட்டது. அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த இடம்தான் எனக்குச் சுடும்.

பென் டிரைவில் வைத்திருந்த லினக்ஸை விண்டோஸுக்குப் பக்கத்திலேயே ஏற்றினேன். பதினொரு மணிக்குள் திரையில் படம் வந்துவிட்டது. மாமா "மாஷா அல்லாஹ்" என்றார். முட்டைக் கோப்பி வந்தது. நான் கதிரையில் சாய்ந்துகொண்டு, "இப்ப ஓட்டுங்க" என்றேன்.

ஷிப்னா கம்பைலரைக் கூப்பிடும் கட்டளையை அடித்தாள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று லினக்ஸ் சொன்னது. லினக்ஸ் வந்தால் கம்பைலரும் கூடவே வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வரவில்லை.

பரவாயில்லை, இன்டர்நெட்டில் எடுத்தால் ஒரு வரி வேலை. ஆனால் வைஃபை வேலை செய்யவில்லை. போனில் தேடிப் பார்த்தேன். அந்த லெப்டொப்பின் வைஃபையை இயக்க டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டுமாம். அந்த டிரைவரை நாமே கம்பைல் பண்ணி எடுக்க வேண்டுமாம். அதாவது, கம்பைலர் எடுக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் எடுக்கக் கம்பைலர் வேண்டும். மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அப்படித்தான் இருந்தது.

"சின்னப் பிரச்சினதான்" என்றேன்.

மாமி அதுவரை என்னோடு நேரே கதைத்ததில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவார். நான் நாலடி தள்ளி இருந்து மகளிடமே பதில் சொல்லுவேன்.

"ஷிப்னா, மாப்புள்ளக்கு வேர்க்குதா எண்டு பாரு."

"ஓம் உம்மா, வேர்க்குது."

மின்விசிறி இன்னும் கிட்ட வந்தது. மாம்பழச் சாறு வந்தது. வைஃபை வரவில்லை. நான் தலையைச் சொறிந்ததும் வட்டிலப்பம் வந்தது. அன்றைக்கு ஒவ்வொரு பிழைக்கும் ஒரு தட்டு என்ற கணக்கில் குசினி ஓடிக்கொண்டிருந்தது. பிழை செய்வதற்கு இவ்வளவு உபசாரம் உலகத்தில் வேறு எவனுக்கும் கிடைத்திருக்காது.

"அந்தப் பென் டிரைவ ஒருக்காக் கொளுவிப் பாப்பமா?" என்று ஷிப்னா மெல்லக் கேட்டாள். "அதுக்குள்ள..."

"அதுட வேல முடிஞ்சிதானே. ஏத்தியாச்சி."

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். "இல்லாட்டி நான் றிஸ்னாட ஊட்ட போயிட்டு வரட்டா? இன்னும் நேரம் இரிக்கி."

"ஏன், என்னில நம்பிக்க இல்லயா?"

கலியாணமாகி ஆறு வாரமான பெண்ணால் இதற்கு என்ன பதில் சொல்ல ஏலும்? ஏலாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அந்த வயதில் நான் அப்படிப்பட்ட ஆள்.

பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து புரியாணியும் தின்றேன். (வெட்கம் இருந்தால் இறங்கியிருக்காது. நன்றாக இறங்கியது.) இரண்டு மணிக்குப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் உள்ள கொமினிகேஷன் கடைக்குப் போனேன். அங்கே இன்டர்நெட் இருக்கிறது. கம்பைலரைத் தேடினேன். ஆயத்தமாக உள்ளதும் இருந்தது, அதன் மூலநிரலும் இருந்தது. மூலநிரலை எடுத்து நாமே கட்டிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. கட்டுவது என்ற சொல் எனக்குப் பிடித்துவிட்டது. ஆயத்தமானதை எடுப்பதற்கு நான் எதற்கு, கொம்பியூட்டர் தெரிந்த மாப்பிள்ளை எதற்கு?

பென் டிரைவில் இடம் போதவில்லை.

"உள்ளுக்குள்ள என்னமோ கிடக்கு. அழிக்கவா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அழிங்க, அழிங்க" என்றேன். அவர் அழித்தார். நான் மெல்ல விசிலும் அடித்துக்கொண்டிருந்தேன்.

இறக்கி முடிய மூன்று மணி தாண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து பொதியைப் பிரித்துக் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் வரிகள் மளமளவென்று ஓடத் தொடங்கின. மாமா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டார். இவ்வளவு வேகமாக எழுத்து ஓடினால் உள்ளே ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று யாரும் நம்புவார்கள். நானும் நம்பினேன். திடீரென்று நின்றது. கடைசி வரியில், ஏற்றுக்கொள்ளத்தக்க சி கம்பைலர் எதுவும் இந்தக் கணினியில் காணப்படவில்லை என்று இருந்தது.

"என்னவாம்?" என்றார் மாமா.

"கம்பைலர் கட்டுறதுக்குக் கம்பைலர் வேணுமாம்."

மாமா நெல் வயலும் டிரெக்டரும் வைத்திருக்கிற மனிதர். எதையும் அடிப்பகுதியில் இருந்து யோசிப்பார். நன்றாக யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப முதலாவது கம்பைலர ஆரு கட்டின?"

நான் அதே கட்டளையைத் திரும்பவும் அடித்தேன்.

ஷிப்னா கையை நீட்டி, "அந்தப் பென் டிரைவத் தாங்க" என்றாள். கொளுவினாள், திறந்தாள், தேடினாள். "இதுக்குள்ள இருந்த லினக்ஸ் எங்க?"

"அழிச்சிட்டன்."

அவள் பென் டிரைவைக் கழற்றி மேசையில் வைத்தாள். "கம்பைலர் அதுக்குள்ளதான் இருந்திச்சி. ஒரு ஃபோல்டருக்குள்ள தனியாப் போட்டிருப்பாங்க. கெம்பஸ்ல ஒருநாள் இன்டர்நெட் இல்லாத நேரம் எங்களுக்கு அப்பிடித்தான் ஏத்திக் காட்டின. காலையில அதத்தான் சொல்ல வந்தன்."

அதாவது காலை முழுக்கக் கம்பைலர் என் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. அதைக் கடைக்குக் கொண்டுபோய், விசில் அடித்துக்கொண்டு, அழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். "நான் எழுதினது சரியா பிழையா எண்டு கூட இன்னும் பாக்கல்ல" என்றாள். மூன்றே முக்கால் மணி. மாமாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்தேன், சிரித்த சொந்தக்காரர்களை நினைத்தேன். அவர்களில் ஒருவர்கூட இவளுடைய படிப்பைக் கெடுக்க இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

திரை விலகியது. மாமி வெளியே வந்தார். ஆறு வாரத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"மகன், ஒண்டு கேக்கன். தயிர் போட ஊட்டுல உறை இல்லாட்டி என்ன செய்யிற?"

நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"அடுத்த ஊட்டுக்குப் போய் ஒரு கரண்டி வாங்கிற. நீங்க விடியத் தொட்டு எரும மாடு வளத்துக்கிட்டு இரிக்கீங்க."

பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "மோட்டச் சைக்கிள எடுங்க. புள்ளயப் பாலமுனைக்குக் கூட்டிப் போங்க."

ஷிப்னா தன் புரோகிராமைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அபாயாவை மாட்டி, ஓடிப்போய் ஏறினாள். காலை ஒன்பது மணிக்குப் போக இருந்த அதே பயணம். இடையில் கிட்டத்தட்ட ஏழு மணித்தியாலம் என்னுடைய திறமைக்குப் போனது.

ஷிப்னாவின் சின்னத் தங்கச்சி டியூஷனுக்குப் போயிருந்தாள்; வீட்டில் நானும் மாமியும் மட்டும். அவர் எதிர்க் கதிரையில் இருந்தார். இரண்டு பேரும் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு நேரமும் தட்டுத் தட்டாக வந்த வீட்டில் அப்போது ஒரு கிளாஸ் தண்ணீரும் வரவில்லை. அதுதான் நியாயம்.

நாலேகாலுக்கு மாமி கேட்டார்: "ஒஃபிஸ்ல நீங்க என்ன வேல செய்யிற மகன்?"

"பிரிண்டர்ல தாள் சிக்கினா எடுப்பன் மாமி."

அவர் முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் கலங்கிவிட்டது. "இத அண்டைக்கே சொல்லியிருந்தாலும் பொண்ணத் தந்திருப்பமே" என்றார். அந்த ஒரு சொல்லில் ஆறு வாரப் பாரம் என் தலையில் இருந்து இறங்கியது.

நாலு முப்பத்தெட்டுக்கு மாமியின் போன் அடித்தது. ஷிப்னாவின் குரல் எனக்கும் கேட்டது.

"போயிட்டு உம்மா. அனுப்பிட்டன். ஒரு பிழையும் இல்ல, முதல் தரமே ஓடிச்சி." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவர் என்ன செய்றாரு? கவலையா இரிக்காரா?"

நான் எழும்பி முகம் கழுவப் போய்விட்டேன்.

ஷிப்னா அந்தப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்துச் சித்தியடைந்தாள். பட்டமும் முடித்து, இப்போது வீட்டில் இருந்தே ஒரு கம்பனிக்குப் புரோகிராம் எழுதுகிறாள். அவளுடைய லெப்டொப்பை நான் துடைக்கலாம், சார்ஜில் போடலாம். அதற்கு மேல் அனுமதி இல்லை.

போன வருடம் அவளுடைய தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். அவளும் கெம்பஸில் படிக்கிறாள். மாப்பிள்ளைப் பொடியன் நல்லவன், வாட்டசாட்டமானவன், வந்து இருந்த கதிரை நான் அந்தக் காலத்தில் இருந்த கதிரைக்குச் சற்றும் குறையாதது. பேச்சு படிப்புப் பக்கம் திரும்பியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அவங்கட பாடத்துக்கெல்லாம் நானே உதவி செய்வன் மாமா" என்றான்.

எங்கள் ஆட்கள் முழுப்பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மாமா தொண்டையைக் கனைத்தார். திரைக்குப் பின்னால் நிற்கும் வழக்கத்தை மாமி அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை. நேரே வந்து நின்று சொன்னார்:

"படிக்க விட்டாப் போதும் மகன். உதவி செய்யத் தேவல்ல. ஒருத்தர்ர உதவியில இருந்து தப்பி வந்த குடும்பம் இது."

எங்கள் பக்கம் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்ததில் ஷிப்னாதான் முதல் ஆள். மாப்பிள்ளை வீட்டார் விளங்காமல் ஆளையாள் பார்த்தார்கள். அவர்களுக்கு நடந்ததை முதலில் இருந்து சொல்ல வேண்டும் என்று தீர்மானமாகியது. அந்த வேலையையாவது பிழையில்லாமல் செய்வேன் என்று, எல்லாரும் சேர்ந்து என்னிடமே தந்தார்கள்.