மூணரை மீட்டர் மாப்பிள்ளை

யாரைப் பார்த்தாலும் மற்றவர்களுக்கு முதலில் முகம் தெரியும். எனக்கு நீளம்தான் தெரியும். இந்தக் கெட்ட பழக்கத்தால் என் கல்யாணமே கவிழப் பார்த்தது.

எண்பதுகளில் அப்பா ஏற்காடு கடைவீதியில் சாவுச் சாமான் கடை வைத்திருந்தார். போர்த்தவும் நாடியையும் கால்களையும் கட்டவும் காடாத் துணி, குளிப்பாட்டச் சீயக்காய், மூக்கில் வைக்கப் பஞ்சு, பன்னீர், சாம்பிராணி எல்லாம் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும். கிளியூரிலிருந்தும் எஸ்டேட்டுகளிலிருந்தும் அழுதுகொண்டு ஓடிவருபவர்களிடம் இறந்தவரின் உயரத்தைக் கேட்டால் இன்னும் அழுவார்கள். அதனால் கூட வந்தவரைக் காட்டி, “இவரு உசரம் இருப்பாருங்களா?” என்பேன். தலையாட்டினால் போதும், கண்ணாலேயே அளந்து கிழித்துவிடுவேன். (இதில் எனக்குப் பெருமை வேறு!) அந்தக் கடையில் யாரையும் ‘வாங்க’ என்று வரவேற்பதும் இல்லை, ‘போயிட்டு வாங்க’ என்று அனுப்புவதும் இல்லை. அந்தச் சாமானுக்காக மறுபடியும் வரச் சொல்லலாமா?

என்னைப் பெண் பார்க்க மலையேறி வந்த மூன்று வீட்டாரும் கடையைப் பார்த்ததும் அடுத்த பஸ்ஸிலேயே மலையிறங்கிவிட்டார்கள். நாலாவது வரன் சேலத்துக்காரர், பஸ் கண்டக்டர். அப்பா தரகரிடம் ‘ஜவுளி வியாபாரம்’ என்று சொல்லிவைத்து, கடைப் பலகையைக் கழற்றி என் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

“கண்ணு, கடைப் பேச்சு ஒரு வார்த்த வரக்கூடாது!” என்று மூன்று முறை சொன்னார்.

காபி கொண்டு போனேன். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. நிலைப்படியில் குனிந்து வந்த உயரம். அவருடைய அம்மா என்னைச் சகஜமாக்க நினைத்து, “ஜவுளிக்காரர் பொண்ணாச்சே! எம் பையனுக்கு எவ்வளவு துணி புடிக்கும், சொல்லு கண்ணு” என்றார்.

உச்சி முதல் பாதம் வரை ஒரே பார்வை.

“மூணரை மீட்டருங்க. நாடிக்கட்டுக்கும் கால்கட்டுக்கும் அதுலயே கிழிச்சுக்கலாமுங்க. பஞ்சு தனி.”

அப்பா விட்டத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் டம்ளரை வைத்த சத்தம் கரடியூர் வரை கேட்டிருக்கும். மாப்பிள்ளைக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. விக்குகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். பழக்கதோஷம், நானும் அப்பாவும் ‘போயிட்டு வாங்க’ என்றுகூடச் சொல்லாமல் கைகட்டி நின்றோம். வாசற்படியில் மாப்பிள்ளை மட்டும் திரும்பி, “நான் போயிட்டு வர்றனுங்க” என்றார்.

அன்று முழுக்க அழுதேன். போனது போனதுதான் என்று அப்பா பலகையை மறுபடி மாட்டினார்.

மறுநாள் காலை, கண்டக்டர் காக்கி உடையில் அவர் கடை முன்னால் நின்றார். கடை வழக்கப்படி அப்பா ‘வாங்க’ என்று சொல்லவில்லை. என் வாய் மட்டும் அடங்கவில்லை.

“வாங்க!”

அந்தக் கடையில் நான் சொன்ன முதல் ‘வாங்க’ அது.

“பஸ் கிளம்ப இருவது நிமிசம் இருக்குதுங்க” என்றார். “தெனமும் இந்த வழியாத்தான் போறேன், என்ன கடைன்னு எனக்கு முன்னமே தெரியுமுங்க. அம்மா சமாதானமாக ஒரு மாசம் ஆகும். உங்களுக்குச் சம்மதமுங்களா?”

அவர் அம்மா சமாதானமாக மூன்று மாதம் ஆனது. பிறகு மாமியாரே ஊரெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது என் கணவருக்குத் தொப்பை விழுந்துவிட்டது. பொங்கலுக்கு வேட்டி எடுக்கப் போனால், கடைக்காரர் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார்: “அளவெடுத்து முப்பது வருசம் ஆச்சுங்க. இன்னும் துணியக் கிழிக்க மனசு வர மாட்டேங்குது இவளுக்கு!”