நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றினேன்

என்ன ஆனாலும் சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். ஆட்டம் மூன்று மணிக்கு. அதே மூன்று மணிக்கு, தன் தம்பி வீட்டு இரும்பு பீரோவை நான் மாடியேற்ற வேண்டும் என்று மனைவி முடிவு செய்திருந்தாள். அந்த பீரோவைக் கண்டால் யானைகூட ஒதுங்கி வழிவிடும்.

கார் கிளம்பினால்தானே போக முடியும்? சத்தமில்லாமல் பானெட்டைத் திறந்தேன். பேட்டரி முனையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் வயரை மாட்டினேன். பார்வைக்கு வயர் இருக்கும், மின்சாரம் வராது. பிறகு சாவியைத் திருப்பிவிட்டுக் கூவினேன்.

“ஐயையோ, ஒரு லைட்டுகூட எரியலையே!”

“என்னங்க ஆச்சு?”

“ஆல்டர்னேட்டர் போச்சு.”

“அது போனா?”

“பேட்டரி தண்ணித் தொட்டி மாதிரி. ஆல்டர்னேட்டர் மோட்டார் மாதிரி. வண்டி ஓட ஓட அது தொட்டியை நிரப்பும். மோட்டார் கெட்டா தொட்டி காலி. உனக்கெங்க இது புரியப்போகுது!”

பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவளிடம் இப்படிச் சொன்னேன். அவள் கைப்பையில் சீப்புக்குப் பக்கத்திலேயே வோல்ட் மீட்டர் இருக்கும். எடுத்து பேட்டரி முனைகளின் உச்சியில் வைத்தாள்.

“பன்னிரண்டரைக்கு மேல காட்டுதே. தொட்டி ரொம்பி வழியுதுங்க!”

“அது சும்மா மேலாக்கக் காட்டும். உள்ள ஒண்ணும் இருக்காது.”

“உங்களை மாதிரியா?”

வயரை ஒருமுறை குனிந்து பார்த்தாள். சட்டென்று அவள் குரலில் தேன் வழிந்தது. எனக்கு வியர்த்தது.

“நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும். அதைக் கழட்டி எலக்ட்ரீஷியன் கடைக்குக் கொண்டு போங்க. தம்பியை நாளைக்குப் பாத்துக்கலாம்.”

உண்மையைச் சொன்னால் மானம் போகும், பீரோ வரும். கழற்றினேன். பெல்ட் கழன்றது, போல்ட்டுகள் கழன்றன, இரண்டு விரல்களில் தோலும் கழன்றது. ஆல்டர்னேட்டரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்தேன். இரண்டரை மணி. இன்னும் நேரமிருந்தது.

எலக்ட்ரீஷியன் நாற்காலி போட்டார், டீ கொடுத்தார், ஆல்டர்னேட்டரை இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றினார்.

“பதினாலு வோல்ட் தருது. கல்லு மாதிரி இருக்கு சார்.”

“அப்படியா! குடுங்க, ஓடறேன்.”

“என்ன அவசரம்? இன்னொரு தடவை பாத்துடலாம்.”

பார்த்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார். ஆறவைத்துப் பார்த்தார். மணி மூன்றரை. பக்கத்து வீட்டில் “கோல்!” என்று கூரை பறந்தது.

“ஏம்ப்பா, நல்லா இருக்கிறதை எத்தனை தடவைதான் பாப்பே?”

“எனக்கு முதல் தடவையே தெரிஞ்சுபோச்சு சார். உங்க வீட்டு அக்காதான் போன் பண்ணி, ஆட்டம் முடிஞ்சப்புறம் உங்களை அனுப்பினா போதும்னாங்க.”