ஜன்னல் வைத்த கோளி

மூன்று ஊர் சுற்றினார் தளவாய். மூன்றிலும் அவருக்கு அறை கிடைக்கவில்லை. ஹோட்டல் இல்லாமல் இல்லை. இருந்தது. காலியாகவும் இருந்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

சங்கதி கிளம்பியது செம்பூர் பக்கம் திலக் நகரில். அறுபத்துநாலாம் வருஷம், டிசம்பர். தளவாய் பட்டறையில் ஃபோர்மேன். திருநெல்வேலிச் சீமைக்காரர். பம்பாய்க்கு வந்து இருபத்தைந்து வருஷம். மராட்டி வருமா? வரும். வரும் என்று அவர் சொல்வார். மராட்டிக்காரர் யாரும் சொன்னதில்லை.

அவருக்குத் திடீரென்று கல்யாண் மேல் ஆசை வந்தது. கல்யாணம் அல்ல; கல்யாண். ரயில் ஜங்ஷன் ஊர். அங்கே இரண்டு அறை வீடு பார்த்து வைத்துவிட்டார். மனைவி ஆறுமுகத்தாய் மாட்டேன் என்றாள்.

“திலக் நகர்ல என்ன இருக்குன்னு ஒட்டிக்கிட்டுக் கிடக்க?”

“மனுசங்க இருக்காங்க.”

“குழாயடியில நாலு மராட்டிக்காரிக. அவளுகதான் மனுசங்களா?”

“ஆத்திர அவசரத்துக்கு ஓடி வாரது அவளுகதான். கல்யாண்ல யாரு வருவா? நீங்க பேசிக் கூப்பிடுவீயளா? உங்க மராட்டியக் கேட்டு பால்காரன் எருமையத் திருப்பி ஓட்டிட்டுப் போயிட்டான்.”

தளவாய்க்குச் சுருக்கென்றது. சவால் விட்டார்.

“எட்டு நாள் லீவு போடுதேன். கடலும் மலையுமாச் சுத்துவோம். ஊருக்கு ஊரு தங்குத இடம் நான் பிடிக்கேன். நீ வாயத் தொறக்கப்படாது. ‘நீ பேசு’ன்னு எங்கயாவது நான் சொல்லிட்டா, கல்யாண் பேச்சையே விட்டுருதேன். சொல்லலன்னா, தை மாசம் சாமான் கட்டணும். சரியா?”

“சரி. ஆனா இங்கிலீசுல ரூம்னு கேக்கப்படாது. மராட்டியிலதான் கேக்கணும்.”

“மராட்டியிலதான் கேப்பேன்! நான் என்ன நேத்து வந்தவனா?”

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி என்றதில்லை. அங்கேயே மனுஷன் சுதாரித்திருக்க வேண்டும். எங்கே!

அன்றைக்கே மூன்று ஊர் ஹோட்டலுக்கும் மூன்று கார்டு எழுதினார். பட்டறை இந்தி வகுப்பில் ஆறு மாதம் உட்கார்ந்த கை. இந்திக்கும் மராட்டிக்கும் எழுத்து ஒன்றுதான் என்ற தைரியம். ‘நாங்கள் இருவர் வருகிறோம். சுத்தமான கோளி ஒன்று, ஜன்னலோடு, தயாராக வைக்கவும்.’

கோளாறு இங்கேதான். மராட்டியில் அறைக்குப் பெயர் கோலி. ‘கோ’வை அடிவயிற்றிலிருந்து மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும். ‘லி’யை நாக்கு நுனியில் மெலிசாக விட வேண்டும். நமக்கு இருப்பது ஒரே ‘க’. தளவாய் மூச்சை மிச்சம் பிடித்தார். லகரத்தில் நாக்கை மடித்தார். கோளி ஆயிற்று. பேச்சிலும் அதே, எழுத்திலும் அதே. கோளி என்றால் வேறு. என்ன என்று போகப் போகத் தெரியும்.

ஆறுமுகத்தாய் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். குழாயடி சிநேகத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள்.

“ஏங்க, அந்த எழுத்து…”

“மூச்!”

“இல்ல, அந்தக் கோவுல…”

“பந்தயம் ஆரம்பிச்சாச்சு. மூச்!”

மூச்சுதான் இல்லை என்று சொல்ல வந்தாள். விட்டுவிட்டாள்.

முதல் ஊர் ஹர்ணை. கடற்கரை. கப்பலில் போய், படகில் மாறி, கரையில் இறங்கினார்கள். அங்கே ஒரு ஆள் நின்றான். சிவப்புக் குல்லாய், பனைமரம் போல உடம்பு, கையில் தளவாயின் கார்டு. தளவாய்க்கு நெஞ்சு விம்மியது. மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

“கோளி எங்கே?” என்றார் அவனிடம், மராட்டியில்.

“நான்தான் கோளி.”

“நீயா?”

“ஹோட்டல்காரர் அனுப்பினார். சாகேபுக்குச் சுத்தமான கோளி வேண்டுமாம். குளித்துவிட்டு வந்திருக்கிறேன். ஜன்னல் மட்டும் என்னிடம் இல்லை.”

கோளி என்றால் மீன்பிடிக்கிறவன். பம்பாய் சாகேப் கடலுக்குள் போய் வர ஆள் கேட்கிறார் என்று நினைத்து, ஹோட்டல்காரர் ஊரிலேயே நல்ல ஆளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார். தளவாய் ஹோட்டலுக்கே போய்க் கோளி கேட்டார். “பக்கத்திலேயே நிற்கிறானே, இன்னும் எத்தனை பேர் வேண்டும்?” என்றார் ஹோட்டல்காரர்.

கடைசியில் அந்த ஆளே பாவம் பார்த்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். வலையை விரித்துப் படுக்கச் சொன்னான்.

“தங்கினோமா இல்லையா?” என்றார் தளவாய் காலையில்.

ஆறுமுகத்தாய் கொண்டையிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்துப் போட்டாள்.

அடுத்தது மஹாட். மலை அடிவாரம். எஸ்.டி. என்கிற சர்க்கார் பஸ்ஸில் எலும்பைக் குலுக்கிக் கொண்டு போனார்கள். ஹோட்டல் மேனேஜர் கார்டை எடுத்தார். தளவாயைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

“மூலைக்கு ஒன்று இருக்கிறது. எது வேண்டும்?”

தளவாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “மேல் மூலைதான் வேண்டும். காற்று வரும்.”

“எடுத்துக்கொள்ளுங்கள்.”

“சாவி?”

“சிலந்திக்குச் சாவி ஏது?”

அப்போதுதான் தளவாயும் கூரையைப் பார்த்தார். பெரிய சிலந்தி. மராட்டியில் அதற்கும் பெயர் கோளிதான். மேனேஜர் தன் ஹோட்டலில் ஒட்டடை என்று கிண்டல் பண்ண ஒருவன் பம்பாயிலிருந்து கார்டு போட்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். வாசலைக் காட்டினார். அன்றைய ஜாகை பஸ் ஸ்டாண்டு பெஞ்சு.

“தங்கினோமா இல்லையா?”

“ம்.”

“உனக்குப் பேச்சே வரலையேளா! கல்யாண்லயும் இப்படியே இரு. நல்லா இருக்கும்.”

மூன்றாவது மகாபலேஷ்வர். உச்சி மலை. பஸ் வளைந்து வளைந்து ஏறியதில் தளவாய்க்கு இருந்த கொஞ்ச மராட்டியும் வழியில் கொட்டிப் போயிற்று. வெயில் இறங்கிக் கொண்டிருந்தது. குளிரென்றால் குளிர். பல் தாளம் போட்டது. ஆறுமுகத்தாய் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தளவாய் கம்பளி எடுத்து வரவில்லை. ஃபோர்மேனுக்குக் குளிராது என்று சொல்லியிருந்தார்.

ஹோட்டல் முதலாளி உடுப்பிக்காரர். பெயர் பட். நெற்றியில் கோபிச்சந்தனம், தோளில் துண்டு. பார்த்ததும் தளவாய்க்குத் தெம்பு வந்தது. நம் பக்கத்து ஆள் அல்லவா!

“இரண்டு பேருக்கு ஒரு கோளி.”

பட் துள்ளி எழுந்தார். “ராம ராமா! நீதானா அது? ஜன்னல் வைத்த கோழி கேட்டுக் கார்டு போட்டவன்?”

“கோழி இல்ல சாமி, கோளி!”

“இரண்டும் ஒன்றுதானே ஐயா! சுத்த சைவ ஹோட்டலில் வந்து கோழியா கேட்கிறாய்? அதுவும் சுத்தமான கோழி! போ வெளியே!”

மீனவன், சிலந்தி, இப்போது கன்னடத்தில் கோழி. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று ஊரில் அடி வாங்கிய ஆள் மகாராஷ்டிரத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். வாசலில் வந்து நின்றார். பனி இறங்கியது. மூக்கு உறைந்தது. மலையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கம்பளிக்குள்ளிருந்து மலையை ரசித்துக் கொண்டிருந்தாள்.

“ஏளா.”

“ம்?”

“நீ… பேசுளா.”

“என்னது? காது அடைச்சுக் கெடக்கு. சத்தமாச் சொல்லுங்க.”

“நீ பேசு!”

“அப்ப கல்யாண்?”

“ஒரு கல்யாணம் பண்ணிப் பட்டது போதும்! உள்ள போய்ப் பேசு!”

ஆறுமுகத்தாய் உள்ளே போனாள். பேசவில்லை. பையைத் திறந்து ஒரு கார்டை எடுத்து பட்டின் முன்னால் வைத்தாள். அவர் கைப்பட எழுதிய பதில் கார்டுதான். பட்டின் முகம் பூரி மாதிரி உப்பி மலர்ந்தது.

“அடடா, ஆறுமுகத்தாய் அம்மாவா! மத்தியானத்திலிருந்து வெந்நீர் காய்ந்து கொண்டிருக்கிறதே!”

தளவாய் வாயைப் பிளந்தார். “இது எப்பளா நடந்துச்சு?”

“நீங்க மூச்சுன்னு சொன்னீயளே, அதுக்கு மறுநாள். குழாயடியில சுமன்தாயி எழுதித் தந்தா. ஹர்ணைக்கு ஒண்ணு, மஹாடுக்கு ஒண்ணு, இங்க ஒண்ணு.”

“அப்ப மூணு ஊர்லயும் ரூம் இருந்துச்சா?”

“கட்டில் மெத்தையோட.”

“பாவி! பின்ன ஏன்ளா வலையில படுத்த? பெஞ்சில உக்காந்திருந்த?”

“நீங்க ‘பேசு’ன்னு சொல்லலியே.”

பட் பெரிய நோட்டைத் திருப்பி வைத்து, கையெழுத்து வேண்டும் என்றார். தளவாய் பேனாவை எடுத்தார். குடும்பத் தலைவர் அல்லவா! பட் மெதுவாகப் பேனாவை வாங்கி அந்தம்மாள் கையில் கொடுத்தார். நோட்டில் அவள் கார்டு வந்த அன்றே எழுதி வைத்திருந்தது:

‘உடன் வருபவர்: ஒருவர். அறை பிடித்தவர்: ஆறுமுகத்தாய்.’