தாக்குதலுக்கு ஒரு கோடு, தடுப்புக்கு ஒரு கோடு

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எழுதுவது என் தொழில் இல்லை, கோடு போடுவதுதான் தொழில். தச்சநல்லூரில் ஓர் அரிசி கோடவுனில் லாரி வந்தால் மூட்டைக்கு ஒரு கோடு போடுவேன். நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே. கிழக்கு வாசலில் நுழைந்தால் வந்த மூட்டை, மேற்கு வாசலில் வெளியேறினால் போன மூட்டை. இருபது வருஷத்தில் ஒரு மூட்டை பிசகியதில்லை. (இந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.)

என் மகள் இசக்கி ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியில் பேக், அதாவது தடுப்பாட்டக்காரி. அவளிடம் பேச எனக்கு வேறு விஷயம் கிடைக்காததால், டிவியில் நம் நாட்டுப் பெண்கள் அணி ஆடும்போது நோட்டில் கோடு போட ஆரம்பித்தேன். ஆள் பெயரும் சட்டை நிறமும் என்னைக் குழப்பும். வாசல் கணக்கு குழப்பாது. ஆட்டம் தொடங்கும்போது நம் அணி எந்தக் கோலை நோக்கி ஓடுகிறதோ, அங்கே பந்து போனால் 'தாக்குதல்'. மறு கோல் பக்கம் வந்தால் 'தடுப்பு'.

பாதி ஆட்டத்தில் எனக்கு லாரி வந்துவிடும். மீதியை என் மனைவி பகவதி போட்டாள். அவளுக்குக் கால்பந்து தெரியாது, சொன்னதைச் செய்வாள்.

நாலு ஆட்டம் சேர்ந்ததும் கூட்டிப் பார்த்தேன். அதிசயமாக இருந்தது. முதல் பாதியில் தடுப்புப் பக்கம் நிரம்பி வழிந்தது. இரண்டாம் பாதியில் அப்படியே தலைகீழ்; எங்கு பார்த்தாலும் தாக்குதல். இடைவேளையில் இந்தப் பிள்ளைகள் என்னத்தைக் குடிக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டு விஷயம் இசக்கி வழியாக அவர்களுடைய கோச் ஸ்டெல்லா டீச்சருக்குப் போனது. அப்போது அவர்களுக்கு நாங்குநேரியில் ஓர் ஆட்டம் வந்தது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க அங்கே வருகிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க."

நாலு பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. கல்யாணத்தில்கூட ஐயர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். மைதானத்தில் பிள்ளைகளும் பெற்றோர்களும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு நோட்டைப் பார்த்தே வாசித்தேன். "போகப்போக தடுப்புக்கு வேலையே இல்லை" என்று முடித்தபோது கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

டீச்சர் யோசித்தார். "பெரிய டீமே அப்படி ஆடுதுன்னா, நாமளும் ஒரு பேக்கக் கொறச்சு ஒரு ஃபார்வேர்ட் போடுவோம். இசக்கி, நீ நாளைக்கு வெளிய இரி."

இசக்கி என்னைப் பார்த்தாள். "எப்பா, இதுக்குத்தான் நோட்டுப் போட்டியளா?" என்று பைய கேட்டுவிட்டு, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

நான் போய்ப் பகவதி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முகத்தில் பெருமை. "பாதி கோடு நான் போட்டதாக்கும்."

"எப்படிப் போட்ட?"

"நீங்க கைகாட்டிட்டுப் போவீயல்லா, அந்தப் பக்கம் போனா தாக்குதல்னு. கடைசி வரைக்கும் அதே பக்கம்தான் போட்டேன். நான் என்ன மாத்தியா போடுவேன்?"

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். எனக்குத் தெரியாததல்ல, ஞாபகம் வரவில்லை. கோடவுனில் வாசல் மாறுவதில்லை. இரண்டாம் பாதித் தாக்குதல் முழுக்க எதிரணி நம்மைத் தாக்கியது.

இது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். சும்மா இருந்தால் அந்தக் கைதட்டல் என்னோடு வீட்டுக்கு வரும். இசக்கி இரண்டாவது பூட்ஸுக்கு வந்துவிட்டாள். எழுந்தேன். இந்தத் தடவை தண்ணீர் குடிக்க நேரமில்லை.

"டீச்சர், ரெண்டாம் பாதிக் கணக்கு பூரா தலைகீழ். பக்கம் மாறுனத நான் வீட்ல சொல்லல."

"அப்போ எதிராளி அடிச்சதையெல்லாம் நாம அடிச்சதா எழுதிட்டியளா, அண்ணாச்சி?"

"ஆமா. பேக்குக்குத்தான் கடைசி வரைக்கும் வேலை."

கோல்கீப்பர் பெண் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். பகவதி சிரிக்கவில்லை. "நான் சரியாத்தான் போட்டேன்" என்று பக்கத்திலிருந்த அம்மாக்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏட்டி இசக்கி, பூட்ஸ மாட்டு."

இன்றைக்கும் வீட்டில் என் மூக்குக்கண்ணாடி அலமாரியில் வலது பக்கம் இருக்கிறது என்று நான் சொன்னால், இசக்கி கேட்பாள்: "இடைவேளைக்கு முன்னாலயா, பின்னாலயாப்பா?"

மறுநாள் நாங்குநேரியில் இசக்கி ஆட்டம் முழுக்க ஆடினாள். மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். அவள் இல்லையென்றால் ஏழு விழுந்திருக்கும் என்று டீச்சர் சொன்னார். மாவட்ட அணிப் பட்டியலில் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் அவள் பெயர் இருந்தது.