சேக்காட்டில் பன்னிரண்டு புள்ளிகள்

ஒரு காலத்தில் நான் நிபுணனாக இருந்தேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பெருமை மொத்தம் பதினோரு மாதம் நீடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், முப்பது பேர் முன்னிலையில், சுமார் நாலு நிமிடத்தில் முடிந்தும் போனது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து புள்ளியியல் படித்துவிட்டு வந்த எனக்குப் பூந்தமல்லி சாலையில் ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்தது. கல்லூரிக்கு அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குக் குளிர்சாதன அறை, தனி மேஜை, தூசி படாமல் மூட ஒரு துணி. (எனக்கு மின்விசிறிகூடக் கிடையாது.) எந்தத் துறையில் யார் ஆராய்ச்சி செய்தாலும் அவர்களுடைய எண்களை வாங்கி, அதில் போட்டுக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை.

அப்போதுதான் பல்பரிமாண அளவிடல் என்ற முறையில் நான் போய் விழுந்தேன். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் எவ்வளவு தூரம், அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் எவ்வளவு தூரம் என்று ஊர்களுக்கு இடையிலான தூரங்களை மட்டும் கொடுத்தால் போதும்; எந்த ஊர் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை அதுவே போட்டுவிடும். ஊர்கள்தான் வேண்டும் என்பதில்லை. இரண்டு சோப்புகள் எவ்வளவு வித்தியாசம், இரண்டு மாணவர்களின் மனம் எவ்வளவு வித்தியாசம் என்று எண்ணாகச் சொல்ல முடிந்தால் அதற்கும் ஒரு வரைபடம் வரும். ஒத்துப்போவன பக்கத்தில் இருக்கும், ஒத்துப்போகாதவை தள்ளி நிற்கும்.

உளவியல் துறைக்குப் போட்டுக் கொடுத்தேன். வணிகவியல் துறைக்குப் பிஸ்கட்டுகளை வைத்துப் போட்டுக் கொடுத்தேன். தாவரவியலில் வசந்தா என்று ஓர் ஆய்வு மாணவி; ஆறு மாதமாக அயனம்பாக்கம் ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று பன்னிரண்டு வகைச் செடிகளைப் பற்றிக் குறிப்பெடுத்திருந்தாள். எந்தச் செடியோடு எந்தச் செடி சேர்ந்து வளர்கிறது என்று அவளுக்கும் ஒரு படம் போட்டேன். ஏரியை ஒருநாளும் எட்டிப் பார்க்காமலே அவளுக்கு ஏரியைப் பற்றி விளக்கமும் கொடுத்தேன். அவள் பொறுமைசாலி.

நான் குடியிருந்தது ஆவடி சேக்காட்டில். ஒரே காம்பவுண்டுக்குள் பன்னிரண்டு குடித்தனம். பதினொன்றில் குடும்பங்கள், கடைசி ஒற்றை அறையில் நான். பெரும்பாலும் தொழிற்சாலைக்குப் போகிறவர்களின் வீடுகள். காலையில் நான் கிளம்பும்போது அடிபம்பைச் சுற்றி ஒரே பேச்சாக இருக்கும். நான் நெருங்கியதும் குடங்களை நகர்த்தி வழிவிடுவார்கள், நான் கடந்ததும் பேச்சு தொடரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சொல்கூடப் பேசாமல் பொழுது சாய்ந்துவிடும். ஒருமுறை திங்கட்கிழமை காலை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது எனக்குக் குரலே வரவில்லை. கண்டக்டர் நான் ஊமை என்று நினைத்துச் சைகையில் பேசினார்.

இந்த நிலையில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "சும்மாத்தான் வந்தேன்" என்பார்கள். நான் ஒரு வினாப்பட்டியல் தயாரித்தேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். "உங்களுக்கும் மற்ற வீடுகளுக்கும் எவ்வளவு நெருக்கம்? பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள் மதிப்பெண் தரவும்." ஆராய்ச்சி என்று எல்லோரிடமும் சொன்னேன். என்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் எண் வீட்டுக் கன்னியம்மா அக்கா கையில் துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டார்.

"மார்க்கா? இன்னா சார், பரீட்சயா எழுதிக்கினு கீறோம்?"

"சும்மா ஒரு கணக்குக்குத்தான்க்கா. ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு எவ்வளவு போடலாம்?"

"சரோஜாவுக்கா? சைபர் போடு. சைபருக்குக் கீய எதுனா இருந்தா அதப் போடு."

"ஏன்க்கா?"

அந்த ஒரு 'ஏன்' முக்கால் மணி நேரம் ஓடியது. தண்ணீர்ச் சண்டை, கோலப்பொடிச் சண்டை, திரும்பி வராத இட்லித் தட்டு. நடுவில் டீ வந்தது. ஒன்பதாம் எண் வீட்டில் அதே கதையைச் சரோஜா அக்கா திருப்பிப் போட்டுச் சொன்னார். அங்கேயும் டீ. ஒரு வாரத்தில் பதினோரு வீட்டிலும் உட்கார்ந்தேன். சென்னைக்கு வந்தபின் நான் சந்தோஷமாக இருந்த முதல் வாரம் அது. கணக்கு முழுமையாக இருக்க வேண்டுமே என்று என்னையும் பன்னிரண்டாவதாகச் சேர்த்து, கம்ப்யூட்டரில் போட்டு அச்செடுத்து, மற்றப் படங்களோடு வைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் துறைத் தலைவர் கூப்பிட்டார். "உன் வேலையை இரண்டு வருஷத்துக்கு உறுதிப்படுத்தலாமான்னு நிர்வாகம் யோசிக்குது. எல்லாத் துறைக்காரங்களும் வரட்டும். நீ இந்த முறையைப் பத்தி ஒரு கருத்தரங்கம் நடத்து. பார்க்கலாம்."

படங்களைக் கண்ணாடித் தாளில் நகலெடுத்தேன், விளக்கு வைத்த பெட்டியின்மேல் வைத்தால் சுவரில் பெரிதாகத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக டை கட்டினேன். (அது எதிர்வீட்டுப் பையனின் பள்ளிக்கூட டை. மூன்றாவது பொத்தானோடு முடிந்துவிட்டது.)

பிஸ்கட்டுகள் நன்றாகப் போயின. கைதட்டினார்கள். அடுத்து ஏரிச் செடிகள். தாளை வைத்தேன். மின்விசிறிக் காற்றில் அது படபடக்கவே, கீழ் ஓரத்தைக் கையால் அழுத்திக்கொண்டேன். சுவரில் பன்னிரண்டு எண்கள்.

"ஐந்தையும் ஒன்பதையும் பாருங்கள். எவ்வளவு பக்கத்தில்!" என்றேன். "இரண்டுக்கும் ஒரே மண் பிடிக்கும், ஒரே தண்ணீர் பிடிக்கும்."

வசந்தா எழுந்தாள். "சார், அஞ்சு தாமரை. நடுத்தண்ணியில இருக்கும். ஒன்பது கரையில முளைக்கிற கோரை. ரெண்டும் பக்கத்துல வராதே?"

"நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள். கணக்கு ஆழத்தைப் பார்க்கிறது" என்றேன்.

(இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் குளியலறையில் தனியாக இருக்கும்போதுகூட முகத்தை மூடிக்கொள்கிறேன்.)

கைதட்டல் தந்த உற்சாகம் இன்னும் தலையில் இருந்தது. கோலால் சுவரின் மூலையைத் தொட்டேன். அங்கே, எல்லாப் புள்ளிகளையும் விட்டு வெகுதூரத்தில், பன்னிரண்டு என்ற எண் தனியாக இருந்தது.

"மிகவும் சுவாரசியமானது இதுதான். இந்தச் செடிக்கும் மற்ற செடிகளுக்கும் எந்த ஒட்டும் இல்லை. இது இந்த ஏரியைச் சேர்ந்ததே அல்ல. எங்கிருந்தோ வந்து ஒதுங்கியிருக்கிறது. அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போனால் ஏரிக்கு ஒரு மாற்றமும் தெரியாது. கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம்."

வசந்தா முன்னால் நடந்து வந்தாள். "சார், ஒரு நிமிஷம் கையை எடுங்க."

எடுத்தேன். என் உள்ளங்கை மறைத்திருந்த இடத்தில், அச்சு இயந்திரத்தின் புள்ளி புள்ளியான எழுத்தில், சுவர் அகலத்துக்குத் தெரிந்தது: 'சேக்காடு வீடுகள்'.

"இது என் ஏரி இல்லையே" என்றாள் வசந்தா.

முதலில் உளவியல் துறை சிரித்தது. பிறகு எல்லோரும். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அப்ப அந்தப் பன்னிரண்டு யாருப்பா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "நான் சார்" என்றேன்.

சிரிப்பு டக்கென்று நின்றது. அது நிற்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. முப்பது பேரும் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பள்ளிக்கூட டையோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

பதவி வேறொருவருக்குப் போனது. கருத்தரங்கம் முடிந்து அன்று வீடு திரும்பும்போது கன்னியம்மா அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மார்க்கு போட்டுக்கினு போனியே, ரிசல்ட்டு வந்துச்சா?"

தாளைக் காட்டினேன். ஐந்தும் ஒன்பதும் எங்கே என்று கேட்டுப் பார்த்தார்.

"எனுக்கும் அவளுக்கும் இம்மாங் கிட்டயா? உன் மிஷினு ரிப்பேரு சார்."

"இல்லக்கா. உங்களுக்கு யாரைப் பிடிக்குதோ, அவங்களுக்கும் அதே ஆளுங்களைத்தான் பிடிக்குது. அதான் பக்கத்துல வந்துட்டீங்க."

முறத்தை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு மூலையில் விரலை வைத்தார். "இது யாரு, ஒண்டியா கீது?"

"நான்தான்."

முறத்தைக் கீழே வைத்தார். "கோச்சுக்காத சார். உனுக்கு இன்னா போட்றதுன்னே தெர்ல. எல்லாரும் சைபர் போட்டோம். நீ கேள்வி கேட்டுக்கினு வந்த அன்னிக்கித்தானே உன் கொரலயே கேட்டோம்." பிறகு, "அதுக்கப்புறம் ஏன் வர்ல?" என்றார்.

கேட்பதற்குக் கேள்வி எதுவும் பாக்கியில்லை என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் அதிகம். "கேள்வி இருந்தாத்தான் ஊட்டுக்கு வருவாங்களா?" என்றார். நான் சிரித்து வைத்தேன். மறுநாள் போகவேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. மூன்று மாதத்தில் அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து, அறையைக் காலி செய்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அடிபம்பில் குடங்களை நகர்த்தி வழிவிட்டார்கள்.

திருமணமான புதிதில், மனைவியிடம் எதையும் மறைக்கக் கூடாது என்ற தவறான எண்ணத்தில், இந்தக் கதையைச் சொல்லித் தொலைத்தேன். அவள் தன் தம்பிக்குச் சொன்னாள். அவன் ஊருக்குச் சொன்னான். என் மகள் நடக்கத் தொடங்குமுன்பே அவளுக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

போன மாதம் மைத்துனர் வீட்டுத் திருமணத்தில் குடும்பப் படம் எடுக்க எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல நான் வரிசையின் கடைசியில், ஒரு நாற்காலி போடுகிற இடைவெளி விட்டு நின்றிருக்கிறேன். எனக்கு அது தெரிவதில்லை. என் மகள் மறுமுனையிலிருந்து மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"அப்பா, ஏரிக்குள்ள வாங்க!"

நாற்பது பேர் சிரித்தார்கள். படம் எடுப்பவர் ஒன்றும் புரியாமல் காத்திருந்தார். நான் இரண்டு அடி உள்ளே நகர்ந்தேன். நேற்று ஆல்பம் வந்தது. என் பாதித் தோள் சட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது.