மாப்பிள்ளையின் சிக்னல் ஜெனரேட்டரும் என் இரண்டு காதுகளும்

மதிப்புமிக்க சம்பந்தி குணசேகரன் அவர்களுக்கு,

ஒரத்தநாட்டிலிருந்து துரைராசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். பட்டுக்கோட்டையில் தங்கள் சர்க்கரையும், தங்கச்சியின் மூட்டுவலியும், தேங்காய் விலையும் ஒரு நிதானத்தில் இருக்கும் என நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். தங்கள் பக்கத்து டவர் சரியில்லை, தாங்கள் பேசுவது எதுவும் எனக்கு விளங்குவதில்லை.

விஷயம் தங்கள் மகன் பரணிதரனைப் பற்றியது. என் மகள் ஜெயபாரதியையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவதாக வந்த மாப்பிள்ளை, காலேஜ் லேப் மெஷின்களை ரிப்பேருக்கு எடுத்து இங்கேயே கடை விரித்துவிட்டார். நெல் மூட்டை அடுக்கும் இடத்தில் இப்போது ஒரு சிக்னல் ஜெனரேட்டர் மூடி கழன்று உட்கார்ந்திருக்கிறது. ஜெனரேட்டர் என்றதும், கரண்ட் போனால் மோட்டாருக்கு ஆகும் என்று பக்கத்து வயல் பஞ்சநதத்திடம் பெருமையடித்து வைத்தேன். பார்த்தால் அதையே பிளக்கில் மாட்டினால்தான் உயிர் வருகிறது.

சாப்பிட உட்கார்ந்தால் அதன் வயிற்றுக்குள் நடப்பதை விளக்குகிறார். உள்ளே கெப்பாசிட்டர் என்று மிளகு அளவில் ஒரு தொட்டியாம். அதில் கரண்ட் ஒரே சீராக ஏறுமாம், மேல்கோட்டைத் தொட்டதும் காவலுக்கு நிற்கும் கம்பேரட்டர் மடையை மாற்றிவிடுமாம், அதே சீரில் இறங்குமாம், அடிக்கோட்டில் மறுபடி மாற்றுமாம். ஏறி இறங்குவது முக்கோண அலை. காவல்காரன் பட்டென்று மாறுவது சதுர அலை. முக்கோணத்தின் கூர்மையை நாலைந்து டயோடுகள் சேர்ந்து தேய்த்து உருட்டினால் சைன் அலை. வேகமாக நிரப்பி வேகமாக வடித்தால் சத்தம் கீச்சென்று மேலே போகும். அப்புறம் ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கும், அதற்குப் பின்னால் நிற்கும் அட்டெனுவேட்டர் அதைக் குறைக்கும். பெருக்கியதை எதற்குக் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். "கடைசில எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் மாமா விடணும்" என்றார். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை விவசாயியிடம் சொல்லக்கூடிய பதிலா இது? ரசம் ஆறிப்போயிற்று.

போன ஞாயிறு டயோடு ஒன்றை மாற்றி, சத்தம் சுத்தமாக வருகிறதா என்று பார்க்க ஸ்பீக்கரில் மாட்டினார். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்குங்கள் என்று எல்லாரையும் உட்காரவைத்துக் குமிழைத் திருகினார். பேத்தி, ஜெயபாரதி, என் சம்சாரம் ராஜாத்தி எல்லாரும் தூக்கினார்கள். எனக்குக் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சொல்வானேன் என்று ராஜாத்தியையே பார்த்துக்கொண்டு, அவள் தூக்கினால் தூக்கினேன், இறக்கினால் இறக்கினேன். மாப்பிள்ளை வயரைப் பிடுங்கியதை நான் பார்க்கவில்லை. ராஜாத்தி கொண்டையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.

"மாமா, மெஷின் ஆஃப்ல இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டிருந்த ஜெயபாரதி சட்டென்று நிறுத்தி, "அப்பா, டாக்டர்கிட்ட போவோம்ப்பா" என்றாள்.

ராஜாத்தி இதைப் பால் சொசைட்டியில் சொல்லிவிட்டாள். இப்போ தெருவே என்கிட்ட கத்திப் பேசுது. பஞ்சநதம் சைகையோட நிறுத்திக்கிறான். வாய்க்கால் சங்கக் கூட்டத்துல, "அண்ணே, நீங்க உக்காருங்க, நாங்க பேசிக்கிறோம்"ங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு சம்பந்தி. காது போச்சுன்னு ஆயிட்டா அப்புறம் ஆளாவே மதிக்க மாட்டாங்க. ஆகவே தேங்காய் வெட்டு என்றோ, தங்களுக்கு மயக்கம் என்றோ ஏதாவது சொல்லி, தங்கள் மகனை மெஷினோடு உடனே அழைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும். வீட்டுப் பிள்ளைகளில் ஸ்க்ரூடிரைவர் தொடாதவர்களுக்கு மட்டும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
களைத்துப்போன
துரைராசு

பி.கு.: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி, மாப்பிள்ளை தனியா இருக்கும்போது போய் உட்கார்ந்து, "இப்ப திருகுங்க, உள்ளதைச் சொல்றேன்"னேன். கனத்த சத்தமெல்லாம் கேக்குது. மேல போகப் போக ஒண்ணுமில்ல. "குழந்தைங்க பேச்சுல பாதி இந்தக் கீச்சுச் சத்தத்துலதான் மாமா இருக்கு"ன்னார். பேத்தியைக் கூப்பிட்டு மடியில வச்சு, காதுக்குள்ள பேசச் சொன்னேன். "நான் கேட்டா ஏன் தாத்தா பதிலே சொல்ல மாட்டேங்கிறீங்க? எம்மேல கோவமா?"ன்னுச்சு. இந்தப் பிள்ளைக்குத்தான் என்கிட்ட ஒட்டுதல் இல்லன்னு இத்தனை நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன் சம்பந்தி. இவ்வளவு எழுதினதைக் கிழிக்க மனசில்ல, மேலே உள்ளதைப் படிக்காம விட்டுடுங்க. மாப்பிள்ளையைக் கூப்பிட வேண்டாம். நாளைக்கு அவர்தான் என்னைத் தஞ்சாவூர் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறார், பாப்பாவும் வருது.